பதினோராவது வாக்கியம்

ஜன்னலோர சீட்டை விட்டுக் குடுத்தீங்களே, நல்லா இருங்க. காத்து முகத்துல அடிக்கலைன்னா ஏர்போர்ட் தாண்டுறதுக்குள்ள எனக்குத் தலை சுத்திரும். நீங்களும் புதுக்கோட்டைதானா? நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போயிரலாம். நான் வாயை மூடிக்கிட்டு வர்ற ஆளு இல்லை, முன்னாடியே சொல்லிடறேன்.

பையை அப்படிப் பாக்காதீங்க, சுருதிப் பெட்டிதான். ‘கச்சேரியா?’ன்னு கேக்க வந்தீங்கதானே? கண்டக்டரும் அதைத்தான் கேட்டாரு. கச்சேரி இல்லைங்க, வைத்தியம். பாட்டால வைத்தியம் பண்றவ நான். சிரிங்க சிரிங்க. எங்க ஆஸ்பத்திரி டாக்டருங்களும் இப்படித்தான் சிரிச்சாங்க. இப்ப சிரிக்கறதில்லை.

பேரு பங்கஜம். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துல இருபத்தாறு வருஷம் பாட்டு டீச்சர். பாட்டு டீச்சருக்கு என்ன மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியலைன்னா என் பீரியடைப் புடுங்கிக்குவாரு. ஆண்டு விழாவுக்குக் கடவுள் வாழ்த்து, அது முடிஞ்சதும் ‘போயிட்டு வாங்க டீச்சர்’தான். அம்பத்திரண்டு வயசுல ஓய்வு எழுதிக் குடுத்துட்டு, சனி ஞாயிறு வகுப்புல உக்காந்து இசை சிகிச்சைக்கு டிப்ளமோ வாங்கினேன். என் பொண்ணு வயசுப் புள்ளைங்களோட பரீட்சை எழுதினேங்க. அப்புறம்தான் இந்த ஆஸ்பத்திரி. பேரு எதுக்கு, விடுங்க. பக்கவாதம் வந்தவங்க, மண்டையில அடிபட்டவங்க, எல்லாரையும் தங்க வெச்சுப் பழக்கிவிடற இடம். மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி அழுக்குத் துணி மூட்டை போட்டு வெச்ச ரூமு.

இந்த ராகம் கேட்டா சக்கரை இறங்கும், அந்த ராகம் கேட்டா முட்டி வலி போகும்னு டிவில ஒருத்தர் சொல்றாரே, அந்தக் கூட்டத்துல என்னைச் சேத்துராதீங்க. எனக்குக் கெட்ட கோவம் வரும். நான் படிச்சது வேற. மண்டையில இடப் பக்கம் அடிபட்டா சில பேருக்குப் பேச்சு போயிரும். சொல்ல வேண்டியது உள்ள இருக்கும், வாய்க்கு வராது. தண்ணின்னு சொல்ல முடியாம முழி பிதுங்கி நிப்பாங்க. ஆனா பாட்டு வரும்! பாட்டு வேற பக்கத்துல இருக்கு. அதனால தண்ணி வேணும்ங்கறதை ரெண்டே ரெண்டு சுரத்துல, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, மெட்டாப் போட்டு, நோயாளியோட இடது கையைப் புடிச்சு அசைக்கு ஒரு தட்டு தட்டணும். தண், ணி, வே, ணும். நாலு தட்டு. முதல்ல நான் முனகுவேன். அப்புறம் ரெண்டு பேரும் சேந்து பாடுவோம். அப்புறம் பாதியில நான் நிறுத்திக்குவேன், அவங்க முடிக்கணும். ஒரு நாளைக்கு நாப்பது தடவை, அம்பது தடவை. மூணு வாரத்துல, கையைத் தொட்டாலே போதும், வாய் தானாப் பாடும். தூக்கத்துல இருந்து எழுப்பித் தட்டினாலும் பாடும். நிறுத்தணும்னு நினைச்சாக்கூட நிறுத்த முடியாது, அப்படி ஊறிப் போயிரும்.

இப்ப யாரைப் பாக்கப் போறேன்னா, பொற்கொடி. என் முதல் வெற்றி. நாப்பத்திரண்டு வயசு, புதுக்கோட்டையில தையல் கடை வெச்சிருந்த பொண்ணு. வீட்டு மாடிப்படியில விழுந்து மண்டையில அடி. வலது கை, வலது கால் விளங்கலை. பேச்சு சுத்தமா இல்லை. வீட்டுக்காரரு மதியழகன்தான் கொண்டாந்து சேத்தாரு. எப்பேர்ப்பட்ட மனுஷன் தெரியுங்களா! மடிப்புக் கலையாத சட்டை. குரலை உசத்திப் பேசி நான் கேட்டதில்லை. மூணு மாசமும் தினம் பஸ் ஏறி வந்தாரு. ஒரு வகுப்புகூட விடாம அவ பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்தாரு. எந்தப் புருஷன் இப்படி உக்காருவான்? எங்க வீட்டுல இருந்தாரே ஒருத்தர், எனக்கு டைபாய்டு வந்தப்ப எட்டி நின்னு ‘எப்ப எந்திரிப்ப’ன்னு கேட்டவரு.

எங்க ஆஸ்பத்திரில என்னை டாக்டர்னு கூப்பிட்ட ஒரே ஆளு மதியழகன்தான். மத்தவங்களுக்கு நான் ‘பாட்டம்மா’. வார்டு பாய்கூட ‘பாட்டம்மா ரூம்ல ஃபேன் ஓடலை’ன்னுதான் சொல்லுவான். இவரு மட்டும், ‘டாக்டர், இன்னைக்கு அவ முகத்துல ஒரு தெளிவு இருக்குல்ல டாக்டர்?’ அப்படிம்பாரு. மனசு குளுந்து போயிரும். வெக்கப்படாம சொல்றேன், அந்தச் சொல்லுக்காகவே நான் சீக்கிரம் வேலைக்குப் போன நாளெல்லாம் உண்டு.

முதல் வேலை, பத்து வாக்கியம் எடுக்கறது. ஒரு ஆளுக்கு ரொம்ப அவசியமான பத்து. நோயாளியைக் கேக்க முடியாது, அவங்களுக்குத்தான் பேச்சே இல்லையே. அதனால வீட்டு ஆளுங்களைத்தான் கேப்போம். என்கிட்ட அச்சடிச்ச தாள் ஒண்ணு இருக்கு. தண்ணி வேணும், பசிக்குது, பாத்ரூம் போகணும், வலிக்குது, வேணாம், இப்படி. மதியழகன் அதை வாங்கி நிதானமாப் படிச்சாரு. சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்தாரு. ‘வலிக்குது’வை அடிச்சாரு. ‘அவளுக்கு வலியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர். இதைக் கத்துக்கிட்டா சும்மாச் சும்மா சொல்லிக்கிட்டு இருப்பா.’ அப்புறம் ‘வேணாம்’ங்கறதை அடிச்சாரு. ‘இவ பிடிவாதக்காரி. இந்த ஒரு வார்த்தை கிடைச்சாப் போதும், சாப்பாடு வேணாம், மருந்து வேணாம்னு ஆட்டம் போடுவா.’ எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அந்த ரெண்டு இடத்துல அவரே எழுதினாரு. ஒண்ணு, ‘நான் நல்லா இருக்கேன்.’ இன்னொண்ணு, ‘வீட்டுக்குப் போகணும்.’ பாருங்க, எவ்வளவு பாசம்!

நல்லா வந்தா பொற்கொடி. கெட்டிக்காரி. காது அப்படி ஒரு காது. பதினெட்டாம் நாளு தண்ணி வேணும்னு தனியாப் பாடினா. நான் ரூமை விட்டு வெளிய ஓடிப்போய் பெரிய டாக்டரைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். அவரு வாயைத் திறந்துக்கிட்டு நின்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. இருபத்தாறு வருஷம் பாட்டுச் சொல்லிக் குடுத்தும் கிடைக்காத பொன்னாடையை அன்னைக்குத்தான் போத்தின மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் சிக்கல்.

அவளுக்கு அடுத்த வகுப்பு சவரிமுத்துன்னு ஒருத்தருக்கு. ரிட்டயர்டு கண்டக்டர், வயசாளி. அவரு வீட்டு ஆளுங்க ‘வேணாம்’ங்கறதை அடிக்கலை. அவருக்கு ஆஸ்பத்திரி இட்லி ஆகாது, அதனால ‘இட்லி வேணாம்’னு ஒரு வாக்கியம் போட்டுக் குடுத்தேன். மனுஷன் வராண்டால வீல்சேர்ல உக்காந்துக்கிட்டு நாள் பூரா அதையேதான் பாடுவாரு. இட்லி வேணாம், இட்லி வேணாம். ஒரு நாளு மதியழகன் போன் பேச வெளிய போயிருந்தாரு. நான் பொற்கொடி கையைத் தட்டி, ‘வீட்டுக்குப்...’னு ஆரம்பிச்சு நிறுத்தினேன். அவ முடிக்கணும், ‘போகணும்’னு. அவ என் முகத்தையே பாத்தா. பாத்துக்கிட்டே பாடினா, ‘வேணாம்.’

சவரிமுத்து மெட்டுல! அச்சு அசலா அந்த மெட்டுல! நான் கையைப் புடிச்சு நிறுத்தினேன். ‘அது தாத்தாவோட மெட்டும்மா, உன்னோடது இல்லை. உன்னோடது இறங்கி முடியும். எங்க, மறுபடி’ன்னேன். மறுபடியும் அதேதான். வீட்டுக்கு, வேணாம். வீட்டுக்கு, வேணாம். சுருதி விலகலை, அதையும் சொல்லணும். ஆனா தப்பு.

என்னங்க, அப்படிப் பாக்கறீங்க? நான் யோசிக்காம இல்லை. இந்த மாதிரி நோயாளிங்களுக்கு ஆமாவும் இல்லையும் மாறிப் போகும், வேணும்னு நினைச்சு வேணாம்பாங்க. எங்க பாடத்துலயே இருக்கு. பரீட்சையில அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க்கு. அதனால அவளுக்குக் கூடுதலா முப்பது தடவை குடுத்தேன், வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு. கடைசில அழுதா. பாடும்போது அழுதா நல்லது, அடைப்பு விடுதுன்னு அர்த்தம். அதையும் நோட்டுல எழுதி வெச்சேன்.

அங்க நஸ்ரின்னு ஒரு பொண்ணு, பிசியோதெரபி. சுவத்துல கையை வெச்சுத் தள்ளச் சொல்லுவா, படி ஏத்தி இறக்குவா. காலையில அவகிட்ட, மத்தியானம் என்கிட்ட. ‘தள்ளு, தள்ளு, படி, படி’ன்னு கத்திக்கிட்டே இருப்பா, குரல் வளமே கிடையாது. ஒரு மத்தியானம் பொற்கொடி தன் இடது கையால மேசையைத் தானே தட்டினா. நான் தொடவே இல்லை. தட்டிக்கிட்டு, ரெண்டு சுரத்துல, ‘அவரு. படி. தள்ளு’ன்னா. அவருங்கறது என்னோட பாடம், ‘அவரு வந்தாரா’ன்னு ஒரு வாக்கியம் குடுத்திருந்தேன். படி, தள்ளு ரெண்டும் நஸ்ரினோடது. என் பாடத்தோட அவ பாடத்தைக் கலந்து அவியல் பண்ணி வெச்சிருக்கா! எனக்கு வந்துச்சே கோவம். நேரா நஸ்ரின்கிட்டப் போனேன். ‘உன் வார்த்தையெல்லாம் என் நோயாளி வாயில வருது. கத்தாம வேலை பாரு’ன்னேன்.

அந்தப் பொண்ணு என்ன வார்த்தைன்னு கேட்டா. சொன்னேன். அவ மூஞ்சி செத்துப் போச்சு. கதவைச் சாத்திட்டு வந்து, ‘மேடம், அந்த அக்கா புருஷன் வந்தா படியில கால் வைக்க மாட்டேங்கறாங்க. அவரு இல்லைன்னா ஏறுறாங்க. கையில மேல் பக்கம் காயம் பாத்தேன், பழசு’ங்கறா. நான் சும்மா விடுவேனா? ‘நீ புடிச்சு இழுக்கற இழுப்புல காயம் வராம என்னவாம்? நல்ல குடும்பத்துல குட்டையைக் குழப்பாதே’ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஆனா உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, அன்னைக்கு எனக்கு மனசு சுருக்குன்னுதான் இருந்துச்சு. வீட்டுல சோறு இறங்கலை. அந்த மூணு வார்த்தையும் காதுக்குள்ளயே ஓடிக்கிட்டு இருந்துச்சு. மறுநாள் மதியழகன்கிட்டயே சொல்லிட்டேன், எதுக்கு மனசுல வெச்சுக்கணும்? இப்படிப் பாடறாங்க சார், இந்தப் பொண்ணு இப்படிச் சொல்லுதுன்னு. அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. ‘அவ விழுந்தப்ப நான் புடிக்க ஓடினேன் டாக்டர். தள்ளிப் போயிட்டா. அதைத்தான் சொல்றா போல’ன்னாரு. அவரு கண்ணு கலங்கி நான் பாத்தது அன்னைக்குத்தான். எனக்கே வெக்கமாப் போச்சு. நான் எல்லா வகுப்பையும் போன்ல புடிச்சு வெச்சிருந்தேன், இசை சிகிச்சை மாநாட்டுல போட்டுக் காட்ட. அதை வாங்கிப் பக்கத்துல உக்காந்து, தப்பாப் பாடினதை எல்லாம் ஒண்ணொண்ணா அவரே அழிச்சுக் குடுத்தாரு. ‘நல்லா வந்தது மட்டும் இருக்கட்டும் டாக்டர், உங்க பேரு கெடக் கூடாது.’ நஸ்ரினைப் பத்திப் பெரிய டாக்டருக்கு ஒரு கடுதாசி எழுதினேன். வேற கிளைக்கு மாத்திட்டாங்க.

கீரனூர் வந்துருச்சா? இன்னும் கொஞ்ச தூரம்தான். தண்ணி குடிங்க, உங்க மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு. பஸ் ஆட்டம் ஒத்துக்கலையா?

வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எங்க ஆஸ்பத்திரில ஒரு கூட்டம் போடுவாங்க. டாக்டருங்க எல்லாம் சுத்தி உக்காந்து நோயாளியை நடுவுல வெச்சு, ‘போறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?’ன்னு கேக்கணும். விதி அப்படி. பெரிய டாக்டர் கேட்டாரு. ‘அம்மா, வீட்டுக்குப் போறீங்களா, இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கீங்களா?’ பொற்கொடி வாயைத் திறந்தா. வரலை. இடது கையைத் தூக்கினா, மேசைப் பக்கம் கொண்டு போனா. எனக்குப் பதறிப் போச்சு. எல்லார் முன்னாடியும் அந்த அவியலைப் பாடி வெச்சுட்டா? மூணு மாச உழைப்புங்க! மாநாட்டுக்குப் பேரு குடுத்தாச்சு. டக்குனு அந்தக் கையைப் புடிச்சுட்டேன். புடிச்சு, தட்டினேன். ‘வீட்டுக்குப்...’

‘போகணும்’னா.

எல்லாரும் கை தட்டினாங்க. பெரிய டாக்டர் எந்திரிச்சு நின்னு தட்டினாரு. மதியழகன் என்னைக் கையெடுத்துக் கும்புட்டாரு. பொற்கொடிக்குக் கண்ணுல தண்ணி தாரை தாரையா. நான் தட்டறதை நிறுத்திட்டேன், அவ நிறுத்தலை. பாடிக்கிட்டே இருந்தா, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே, வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு. கார்ல ஏத்தற வரைக்கும் பாடினா. சந்தோஷத்துல தலை கால் புரியலை அவளுக்கு.

அது நடந்து ரெண்டு மாசம் ஆச்சு. போன வாரம் மதியழகன் போன் பண்ணாரு. குரலே உடைஞ்சு போயிருந்துச்சு. என்னன்னா, அவ அண்ணன் ஒருத்தன் துபாய்ல இருக்கான், கதிரேசன்னு. லீவுல வந்தவன் தங்கச்சியைப் பாத்துட்டு, நேராப் போய் மகளிர் போலீஸ் ஸ்டேஷன்ல மனுக் குடுத்துட்டானாம். மச்சான்தான் தள்ளிவிட்டாருன்னு. நாக்கு கூசாதா? வர்ற வியாழக்கிழமை ரெண்டு பேரு வீட்டுக்கு வந்து பொற்கொடியையே நேர்ல கேக்கப் போறாங்களாம். ‘அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது டாக்டர். பயந்து போய் ஏதாவது உளறுவா. என் வாழ்க்கையே போயிரும்’ங்கறாரு. இப்பல்லாம் அவ வாயே திறக்கறதில்லையாம். பத்து வாக்கியத்துல ஒண்ணுகூட வர்றதில்லையாம். ‘ஒரே ஒரு வாக்கியம் புதுசா வேணும். நீங்க வந்தாத்தான் நடக்கும்’னாரு.

கேட்டுட்டு எப்படி வீட்டுல உக்காந்திருக்கறது? கிளம்பிட்டேன். இன்னைக்குத் திங்கள். மூணு நாள் இருக்கு, ஏற்கனவே பழகின வாய், ஒரு வாக்கியத்துக்கு அது தாராளம். ‘நானே விழுந்தேன்.’ அஞ்சு தட்டு. பஸ் ஸ்டாண்டுலயே மெட்டுப் போட்டுட்டேன். ‘நா’ மேல, ‘னே’ இன்னும் மேல, அப்புறம் வி, ழுந், தேன்னு மூணும் படியா இறங்கும். ‘நானே’ங்கறதுலதான் அழுத்தம் வேணும்னு அவரு சொன்னாரு. சொன்னது சரிதான், மெட்டு அங்கதான் நிக்குது. கேளுங்க, மெதுவாப் பாடறேன்... நல்லா இருக்குல்ல?

என்ன கேக்கறீங்க? அவ நிஜமாவே தானா விழுந்தாளான்னா? அது எனக்கு எப்படிங்க தெரியும்? நான் அங்கயா இருந்தேன்? வாக்கியம் குடுக்கறது வீட்டு ஆளுங்க, மெட்டுப் போடறது நான். அவ்வளவுதான் என் வேலை. நல்லாத்தான் கேக்கறீங்க கேள்வி.

பாட மாட்டேன்னு சொல்லிட்டா? எந்த வார்த்தையை வெச்சுச் சொல்லுவா? அதெல்லாம் பாடிருவா. போலீஸ்காரங்க வர்றப்ப நானும் பக்கத்துல உக்காந்து கையைத் தட்டணும்னு அவரு சொல்லிட்டாரு. வைத்தியம் பண்ற டாக்டர்னு சொன்னா ஒத்துக்குவாங்களாம். போலீசுக்கே டாக்டருங்க நான், பாத்துக்குங்க.

ஸ்டாண்டு வந்துருச்சு. அதோ, வெள்ளைச் சட்டை, நிக்கறாரு பாருங்க, அவருதான். சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கற மனுஷன். அட, பொற்கொடியையும் கூட்டிட்டு வந்திருக்காரே! கார் முன் சீட்டுல, கதவைத் திறந்து வெச்சு உக்கார வெச்சிருக்காரு. எவ்வளவு இளைச்சுப் போயிட்டா. பொற்கொடி! இந்தாம்மா, இங்க! பாத்துட்டா. என்னைப் பாத்துட்டா பாருங்க!

என்ன பண்றா அவ? இடது கையை முதுகுக்குப் பின்னாடி கொண்டு போறா. சீட்டுக்கும் முதுகுக்கும் நடுவுல திணிச்சு வெச்சுக்கிட்டு அதும் மேலேயே சாஞ்சு உக்காந்துட்டா. பாருங்களேன், நல்லா இருக்கற கையை எதுக்கு இப்படி நசுக்கிக்கிட்டு? குழந்தை மாதிரி ஆயிட்டா, பாவம்.

என் கையை விடுங்க, நான் இறங்கணும். அட விடுங்கன்னா, பஸ் எடுத்துருவான். நான் போய்க் கேட்டா அவ கையைக் குடுத்துருவா.